பார்க்கில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்

என் மகளை நான் பார்க்கில்தான் வளர்த்தேன். வளர்த்தேன் என்று சொன்னால் என் மாமியார் சிரிப்பார். சிரிக்கட்டும். மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாவது ஞாயிறும், சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரைக்கும், கடலூரில் நகராட்சிப் பூங்காவில் வைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் வளர்ப்பு என்று பெயர் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அது 2006. அவளுக்கு ஆறு வயது. நானும் என் மனைவியும் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. யார் மேல் தப்பு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவள் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும், அதற்கு இங்கே ஆள் இல்லை. நான் சிதம்பரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், பிள்ளையோடு.

எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில் பெரிய இழுபறி. அவர்கள் வீட்டுக்குள் என்னை விடமாட்டார்கள். சிதம்பரத்துக்குப் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். திருவந்திபுரம் கோயிலில் வைத்துப் பார்க்கட்டும் என்றார் மாமியார். "சாமி இருக்கிற எடத்துல கத்த முடியாதுல்ல?" என்று என் காதுபடவே சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோயிலில்தான் நான் தாலி கட்டினேன். கடலூர்ப் பக்கம் பாதிப் பேருக்கு அங்கேதான் கல்யாணம். முகூர்த்த நாளில் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் நடுவில் போய் கோர்ட்டு சொன்ன அப்பனாக உட்கார எனக்கு என்ன தலையெழுத்தா? முடியவே முடியாது என்றேன். கடைசியில் பார்க்கு என்று முடிவானது.

பார்க்கு நல்ல பெரிய பார்க்குதான். அந்தக் காலத்து தூங்குமூஞ்சி மரங்கள், ஒவ்வொன்றும் நாலு பேர் கை கோத்தால்தான் பிடிபடும். நடுவில் தண்ணீர் வராத நீரூற்று, அதைச் சுற்றிச் சிமெண்டு மான்கள். வெயிலில் பழுத்துக் கிடக்கும் இரும்புச் சறுக்கு மரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் அள்ளும். சுண்டல்காரர், பஞ்சு மிட்டாய், பலூன், சீட்டு ஆடும் பெரியவர்கள், புதருக்குப் பின்னால் காலேஜ் ஜோடிகள், அவர்களை விரட்டுவதற்கென்றே விசில் வைத்திருக்கும் வாட்ச்மேன். எல்லாரும் சந்தோஷமாக இருக்க வந்தவர்கள். எனக்கு அவர்களைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். அப்பன் தோளில் உட்கார்ந்து ஐஸ் தின்னும் பிள்ளைகளைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன், மறைப்பானேன்.

பிள்ளையைக் கூட்டி வருவது என் மச்சான். என் மனைவியின் தம்பி. என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டவன். அண்ணாகிராமம் பக்கம் அவர்களுக்கு முந்திரித் தோப்பு உண்டு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர் பெஞ்சில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவான். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமல் காவல். முதல் வருஷம் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா?

ஒரு நாள் பாப்பா சறுக்கு மரத்திலிருந்து குப்புற விழுந்தாள். நானும் ஓடினேன், அவனும் ஓடினான். இரண்டு பேரும் தலையோடு தலை மோதிக்கொண்டோம். பாப்பாவுக்கு மோவாயில் சின்னக் கீறல்தான், எங்களுக்குத்தான் நெற்றி வீங்கியது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்குத்தான் அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "ஜாஸ்தி அடியா மாமா?" என்று கேட்டான். அதற்கப்புறம் அவன் மாமா என்பான், நான் மச்சான் என்பேன், பழையபடி. ஆனால் பெஞ்சு மட்டும் எதிர் பெஞ்சுதான். அம்மாவுக்கு யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

ஊஞ்சலில் வைத்துத் தள்ளிய வருஷங்கள் சீக்கிரம் போய்விட்டன. எட்டு வயதில் "நானே ஆடிப்பேன்" என்றாள். ஒன்பதில் ஊஞ்சல் பக்கமே போகவில்லை. அப்புறம் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். நான் ஏதாவது கேட்பேன். "ம்" என்பாள். "சாப்பிட்டியா?" "ம்." "டீச்சர் திட்டுறாங்களா?" "ம்ஹும்." ஐந்தரை ஆனால் போதும், "மணி என்னப்பா?" என்று கேட்பாள். எப்போதடா ஆறு அடிக்கும், எப்போதடா போகலாம் என்று காத்திருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொள்வேன். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வருவேன்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. இவள் தானாக வருகிறாளா, அனுப்புவதால் வருகிறாளா? கோர்ட்டு ஆர்டர் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை என்னைத் தேடுமா? ஒரு தடவை வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டேன். "நீயா வர்றியா பாப்பா, இல்ல அனுப்பறாங்கன்னு வர்றியா?" அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "மாமா வண்டியிலதான் வந்தேன்" என்றாள். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆனால் கேள்வி போகவில்லை.

2011 கடைசியில் புயல் அடித்தது. கடலூர்க்காரர்களிடம் அதைப் பற்றி நான் விளக்க வேண்டாம். சிதம்பரத்திலும் கரண்டு இல்லை, போன் இல்லை. ஜனவரி முதல் ஞாயிறு பஸ்ஸே இல்லை. பொங்கல் சமயத்தில்தான் போக முடிந்தது. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியெல்லாம் மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. பார்க்கு வாசலுக்கு வந்து நின்றபோது எனக்கு இடம் தெரியவில்லை. வழி தவறி வந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். மரங்கள் எல்லாம் வேரோடு பிடுங்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. உள்ளே வானம் மட்டும்தான் தெரிந்தது. ஊஞ்சல் கம்பி மடங்கியிருந்தது. கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

நாலு மணிக்கு மச்சான் வந்தான். தனியாக வந்தான். தாடி விட்டிருந்தான். முந்திரி ஒரு மரம் மிச்சமில்லை, பலா எல்லாம் போச்சு என்றான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

"பாப்பா எங்க?" என்றேன்.

"பார்க்குதான் பூட்டிக் கெடக்குதே மாமா."

"அதனால?"

"எங்கம்மா அனுப்பல. ஆர்டர்ல பார்க்குன்னுதான எழுதியிருக்கு, பார்க்கு இல்லாதப்ப எங்க அனுப்பறதுங்குது."

"பீச்சுக்குக் கூட்டிட்டு வா. அந்த டீக்கடையில உக்கார்றேன். ரோட்டுல நின்னுகூடப் பாக்கறேன்டா!"

"எங்கிட்ட கத்தாதீங்க மாமா. நான் என்ன ஜட்ஜா?"

கத்தினேன். நடுரோட்டில் நின்று அவனையும் அவன் அம்மாவையும் கண்டபடி பேசினேன். விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஆறு மணி வரைக்கும் நின்றான், அதுதான் கொடுமை. அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

இடத்தை மாற்ற வேண்டுமென்றால் தனியாக மனுப் போட வேண்டும் என்றார் வக்கீல். போட்டோம். அவர்கள் பக்கம் பதில் சொல்ல வாய்தா வாங்கினார்கள். ஊரே கூரையைத் தேடிக்கொண்டிருந்த வருஷம் அது, ஒரு பார்க்கைத் திறக்கச் சொல்லி யாரிடம் போய் நிற்பது? ஆனால் என் ஞாயிற்றுக்கிழமைகளை நான் விடவில்லை. பஸ் ஏறி வருவேன். பூட்டின கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எதிர் டீக்கடைக்காரர் பெஞ்சை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், எவ்ளோ நேரம் நிப்பீங்க" என்பார். மச்சான் முதல் ஒன்றிரண்டு மாதம் வந்தான், அப்புறம் அவனும் நின்றுவிட்டான். வருவாளா என்று கேட்டால், வரமாட்டாள் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் போனேன். நான் போகாத ஞாயிறு எதுவோ அன்றைக்கு அவள் வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம்.

உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக மரங்களை அறுத்து லாரியில் ஏற்றினார்கள். கலர் கல் பதித்தார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் டீக்கடைக்காரர் போன் செய்து, "சார், தொறந்துட்டாங்க!" என்றார். கடையில் எல்லார் முன்னாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே மச்சானுக்குப் போன் போட்டேன்.

"பார்க்கு தொறந்தாச்சு. வர ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா."

"பாக்கலாம் மாமா" என்றான். வைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு நான் காலையிலேயே கிளம்பிவிட்டேன். எட்டு மாதம் பார்க்காத பிள்ளை, எவ்வளவு உயரம் ஆகியிருப்பாளோ என்று பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெண்பிள்ளைகளையெல்லாம் அளந்துகொண்டே வந்தேன். கடலூருக்குள் நுழைந்து ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். என் தொழில் அதுதானே, கண் தானாகப் போகும். மஞ்சள் நீராட்டு விழா. ஒரு பெண் பட்டுப்புடவை கட்டி, ஜடை நிறையப் பூ வைத்து நிற்கிறாள். நல்ல லைட்டிங், முகத்தைக் கொஞ்சம் அதிகமாக வெளுக்க வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் இன்னும் பத்தடி போன பிறகுதான் அது யார் முகம் என்று உறைத்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டு இறங்கினேன். கண்டக்டர் ஏதோ திட்டினார்.

பேனருக்கு நேராக நின்று பார்த்தேன். என் மகள்தான். மோவாயில் அந்தத் தழும்பை டிசைன் செய்தவன் அழித்திருந்தான். ஒரு பக்கம் அவள் அம்மா. இன்னொரு பக்கம் தாய்மாமன், கையில் செல்போனோடு. கீழே பாட்டி. அப்பா படம் வர வேண்டிய இடத்தில் தோகை விரித்த பெரிய மயில். எங்கள் கடையிலும் இதேதான். அப்பா இல்லாத வீட்டு ஆர்டர் வந்தால், செத்திருந்தாலும் சரி ஓடிப் போயிருந்தாலும் சரி, அந்த இடம் மொட்டையாகத் தெரியாமல் இருக்க மயிலை வைத்துவிடுவோம். நானே எத்தனையோ மயில் வைத்திருக்கிறேன். அந்த வீட்டு அப்பன் எங்காவது ரோட்டில் நின்று இதைப் பார்ப்பான் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

உள்ளே மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. சீர்வரிசைத் தட்டுகள் போய்க்கொண்டிருந்தன. போய்விடலாம், உள்ளே போய்விடலாம், யார் என்னைத் தடுப்பது என்று படியேறினேன். வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரியாதவர். என்மேல் பன்னீர் தெளித்துவிட்டு, சிரித்த முகமாக, "வாங்க, வாங்க. நீங்க பொண்ணுக்கு என்னா வேணும்?" என்றார்.

அப்பா என்று சொன்னால் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாமியார் வருவார், நான் கத்துவேன், அவள் புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், ஊர் பார்க்கும். அவளுக்கு வாழ்நாள் முழுக்க இந்த நாள் அப்படித்தான் ஞாபகம் இருக்கும்.

"பேனர் கடைங்க. சரியாக் கட்டியிருக்காங்களான்னு பாக்க வந்தேன்" என்றேன்.

"ரொம்ப நல்லாருக்குங்க. பொண்ணு லட்சுமி மாதிரி இருக்கா. சாப்ட்டுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா.

கற்கண்டு எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கால் தானாகப் பார்க்குக்கு நடந்தது.

பார்க்கு பொட்டல் காடாக இருந்தது. நிழல் என்று ஒரு கையகலம் இல்லை. புதுச் சறுக்கு மரம், புது ஊஞ்சல், எல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்டு. ஆள்தான் இல்லை. அந்த வெயிலில் யார் வருவார்கள்? சிமெண்டு பெஞ்சு தோலை உரித்தது. அதில்தான் நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். சட்டையில் பன்னீர் வாசனை வந்துகொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றி எறிந்துவிடலாம் போல இருந்தது.

நாலு மணிக்கு மச்சான் வந்தான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கையில் சின்ன டிபன் பாக்ஸ். எதிர் பெஞ்சுக்குப் போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"மண்டபத்துக்கு வந்தீங்களா மாமா? பேனர்க்காரர் வந்தாருன்னு சொன்னாங்க. நம்ம பேனர்க்காரன் திண்டிவனத்துக்குப் போயிருக்கான், இவரு யாருன்னு அப்பவே நெனச்சேன்."

டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினான்.

"புட்டு கொண்டாந்தேன், சாப்டுங்க."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயாடா உனக்கு?"

"அம்மா சத்தியம் வாங்கிடுச்சி மாமா."

"சரி. அடுத்த மொற கூட்டிட்டு வருவியா?"

அவன் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடினான். "இனிமே எங்க மாமா? வயசுக்கு வந்த புள்ளைய பார்க்குல கொண்டாந்து உக்கார வைக்கச் சொல்றீங்களா? நீங்களே சொல்லுங்க."

அதற்கும் கத்தியிருக்க வேண்டும். கத்த என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அதைத்தான் கேட்டேன். ஆறு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை.

"பாப்பா என்னய ஒரு வாட்டியாவது கேட்டுச்சா?"

"காலையில மால போடறப்ப கேட்டுச்சி. பார்க்கு தொறந்துட்டாங்களா மாமான்னு."

"பார்க்கயா கேட்டா?"

"அதுக்குத் தெரியாதுல்ல மாமா. தொறந்தப்ப அத ஊட்டுக்குள்ள உக்கார வச்சிருந்தோம், வெளிய உடல. அதுக்கு முன்னாடி தெனம் பாத்துச்சே. ஸ்கூல் உட்டு வரப்ப நேரா ஊட்டுக்கு வரலாம், வராது. சுத்திக்கிட்டு இங்க வந்து, கேட்டு பூட்டியிருக்குதான்னு பாத்துட்டுதான் ஊட்டுக்கு வரும். எங்கம்மா ரெண்டு வாட்டி அடிச்சிது. அப்பவும் நிறுத்தல."

நான் ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டு நின்ற அதே கேட்டு. சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன்.

"நீ என்னடா சொன்ன? தொறந்தாச்சுன்னு சொன்னியா?"

"இன்னும் பூட்டித்தான் கெடக்குன்னேன்."

"ஏன்டா பாவி!"

"தொறந்தாச்சுன்னா வரேன்னும் மாமா. தடுத்தா ஓடியாந்துடும். அம்மா ஏற்கெனவே படிச்சது போதும், ஊட்டோட இருக்கட்டும்னு நிக்கிது. நான்தான் கால்ல உழாத கொறையா ஸ்கூலுக்கு அனுப்பு, நானே வண்டியில கொண்டு உட்டு கூட்டியாரேன்னு சொல்லி வச்சிருக்கேன். இது ஒரு வாட்டி இங்க ஓடியாந்தா போதும், அதையே சாக்கா வச்சி நிறுத்திரும்." சட்டையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னான். "சரி, நான் போயி சொல்லிடறேன். நீங்க சொல்லுங்க மாமா. தொறந்தாச்சுன்னு சொல்லிடட்டுமா?"

அவன் கண்ணைப் பார்த்தேன். பொய் இல்லை. கையை எடுத்தேன். கசங்கின இடத்தை நானே நீவிவிட்டேன்.

"வேணாம்டா மச்சான்" என்றேன். "பூட்டியே இருக்குன்னு சொல்லு."